கரைக்குப் பிறகு கோபம் இல்லை

தேத்தண்ணியில் சீனி கூடிவிட்டதென்றால் சொல்லுங்கள் மிஸ், வேறு ஊற்றித் தருகிறேன். ஆறு வருடமாக ஒரு ஆளுக்கு மட்டும் ஊற்றிப் பழகிய கை. இந்த ஐந்து மாதமாகத்தான் செவ்வாய்க்கிழமைகளில் இரண்டு கோப்பை எடுத்து வைக்கிறேன். இன்றைக்குச் செவ்வாய் இல்லை. ஆனாலும் உங்களைக் கண்டதும் கை தானாக இரண்டாவது கோப்பைக்குப் போனது. எனக்கு அது சந்தோசமாக இருந்தது.

உங்களைக் கூட்டி வந்த றவூப் வெளியே மோட்டார் சைக்கிளிலேயே இருக்கிறார். உள்ளே வரமாட்டார் என்று தெரியும். வெயிலில் இருக்காமல் மரத்தடியில் நிற்கச் சொல்லியிருக்கலாம் நீங்கள்.

டிலக்சனுடைய சட்டத்தரணி கம்சாயினி என்று சொன்னீர்கள். கதிரையில் இருந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். "அந்தப் பதிவு எடுத்த நேரம் அறைக்குள்ள நாலு பேர் இருந்திரிக்காங்க. மூண்டு பேர்தான் கதைச்சிரிக்காங்க. கதைக்காம இருந்த ஆள் ஆரு?" இவ்வளவு காலத்தில் எவரும் அப்படிக் கேட்கவில்லை. கதைத்தவர்களைப் பற்றியே எல்லோரும் கேட்டார்கள். உங்களுடையது நியாயமான கேள்வி. நியாயமான கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுகிற ஆள் நான் இல்லை. ஆனால் முதலில் இருந்து சொன்னால்தான் விளங்கும். உங்களுக்கு நேரம் இருக்கும்தானே?

என் பெயர் உதயரூபன், வயது நாற்பத்திரண்டு. கணினி திருத்துவதும் கமரா பூட்டுவதும் தொழில். இந்தப் பழுகாமத்தில் என்னை அதற்காக எவருக்கும் தெரியாது. அம்பயர் என்றால் தெரியும். படுவான்கரைப் பக்கம் பன்னிரண்டு வருடம் சொப்ட்போல் கிரிக்கெட் ஆட்டங்களுக்கு நடுவராக நின்றிருக்கிறேன். கடைசியாக நின்றது ஒரு இறுதிப் போட்டியில். என் சொந்தத் தம்பிக்கு ரன் அவுட் கொடுத்தேன். கோட்டுக்கும் துடுப்புக்கும் இடையில் ஒரு விரல்கட்டை தூரம்தான். அவன் அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை. அதன்பிறகு என்னை ஒரு ஆட்டத்துக்கும் கூப்பிடவுமில்லை. மனைவி வதனி ஆறு வருடமாகத் தோஹாவில். வெள்ளிக்கிழமைகளில் தொலைபேசியில் எடுப்பாள். "சாப்பிட்டீங்களா" என்பாள். "ஓம்" என்பேன். பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மற்றவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்துக்கொண்டிருப்போம்.

எங்கள் விளையாட்டை விளங்கப்படுத்துவது லேசு. சின்ன வயதில் நீங்களும் கள்ளன் பொலிஸ் விளையாடியிருப்பீர்கள். அதேதான், கணினியில். திரையில் ஒரு நகரம். ஒவ்வொருவரும் ஒரு வேடம் எடுப்பார்கள், கடைக்காரர், சாரதி, தாதி, கள்ளன், பொலிஸ் என்று. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அந்த வேடமாகவே கதைக்க வேண்டும். வெற்றி தோல்வி கிடையாது, கதை நன்றாக வந்தால் போதும். எங்கள் சேர்வரின் பெயர் வாவி நகர். நான்தான் நடத்தினேன். திரையில் தெரிந்த அந்நிய வீதிகளுக்கு எங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தோம். கடற்கரை வீதி கல்லடி ஆனது. நகைக்கடைகள் இருந்த சந்தி ஏறாவூர் ஆனது. பின்னேரம் நாலு மணிக்குத் திறப்பேன். நாலே காலுக்கு முப்பது குரல்கள் இந்த வீட்டுக்குள் இருக்கும். ஒருவன் இருமுவான், ஒருவன் வீட்டில் குக்கர் கத்தும், பிரான்சிலிருந்து ஒருவன் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்பான். எனக்கு அது போதும். அதைவிட நான் எவரிடமும் எதுவும் கேட்டதில்லை.

சிக்கல் என்னவென்றால், அந்த முப்பது பேரில் இருபத்து நாலு பேருக்குக் கள்ளனாகத்தான் ஆசை. பொலிஸாக வர நாலே பேர். அதில் ஒருவர் றவூப். ஏறாவூரில் புடவைக்கடையில் நிற்கிறார், நிஜத்தில் எவரையும் உரத்த குரலில் அதட்டி அறியாதவர், எங்களிடம் வந்தால் இன்ஸ்பெக்டர். ஒரு நாள் அவர் பொலிஸ் வேடத்தை விடுகிறேன் என்று வந்து நின்றார்.

"அண்ணன், நான் சைரன் அடிச்சிக்கிட்டுப் போறன், அவனுகள் சிரிக்கானுகள். துவக்க நெத்தில வெச்சாலும் சிரிக்கானுகள். புடிச்சி மறியல்ல போட்டா, அது அவனுகளுக்குத் தேத்தண்ணி குடிக்கிற நேரம். பொறகு நான் என்னத்துக்குப் பொலிஸ்?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. எங்கள் மறியல் என்பது பத்து நிமிடம் திரையில் ஒரு சிறைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது. கள்ளர்களுக்கு இழக்க ஒன்றுமில்லை. ஒரு பக்கத்துக்கு இழக்க ஒன்றுமில்லை என்றால் அந்த ஆட்டம் சமமான ஆட்டம் அல்ல. அன்றிலிருந்துதான் சட்டம் எழுதத் தொடங்கினேன். துவக்கைக் கண்டால் பயப்பட வேண்டும், குரலில் பயம் தெரிய வேண்டும். நாலு பொலிஸார் கடமையில் இல்லையென்றால் கொள்ளை கூடாது. கொள்ளைக்கு முன்னால் கள்ளர்கள் உண்மையான கொப்பியில் கையால் திட்டம் வரைந்து படம் எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும். எவரும் விளையாட்டுச் சொற்களைப் பேசக் கூடாது. வெளியாள் ஒருவர் கேட்டால் உண்மையென்றே நம்ப வேண்டும். கள்ளர்கள் தங்களுக்குள் ஹெட்செட்டில் கதைக்க சேர்வரில் ஒரு அறை இருந்தது, அதற்குள் பொலிஸ் பக்கத்தார் நுழைய முடியாது. ஏமாற்று நடக்காமல் பார்க்க அங்கே நடுவர் ஒருவர் கதைக்காமல் இருப்பார். அந்த ஆள் எப்போதும் நான்தான்.

கேட்டது இதுதானே? ஓம், நான்தான். ஆனால் இன்னும் இருக்கிறது, எழுதிக்கொண்டு வாருங்கள்.

ஆட்களுக்கு வீடு வாசல் உண்டு. கரண்ட் போகும், பிள்ளை அழும், அம்மா கூப்பிடுவார். வேடத்தில் இருந்து வெளியே வர ஒரு சொல் வேண்டும். நான் எதையெதையோ யோசித்தேன். டிலக்சன்தான் சொன்னான். "அண்ணன், வாவிக்குள்ள தொட்டுப் புடிச்சி விளையாடக்குள்ள கரையத் தொட்டவன ஒருத்தரும் புடிக்க ஏலாதெல்லோ. கரை எண்டு கத்துவமே. அதையே வெப்பம்." எல்லோருக்கும் அது உடனே பிடித்துவிட்டது. ஒருவர் கரை என்றால் அந்த இடத்தோடு வேடம் கலைந்தது. அதற்கு முன்னால் நடந்தது முழுதும் விளையாட்டு. சுட்டிருக்கலாம், காட்டிக் கொடுத்திருக்கலாம், அதை எவரும் மனதில் வைத்திருக்கக் கூடாது. கரைக்குப் பிறகு கோபம் இல்லை. நான் எழுதிய சட்டங்கள் எழுபத்திரண்டு. இந்த ஒன்றைத்தான் எல்லோரும் பாடமாக்கியிருந்தார்கள்.

டிலக்சனை உங்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் அவனை மறியலில்தான் கண்டிருப்பீர்கள், அவன் கதைத்துக் கேட்டிருக்கமாட்டீர்கள். இருபத்தாறு வயது, பனிச்சங்கேணி, விடியப்புறம் வலைக்குப் போய்வந்து மத்தியானம் தூங்கிவிட்டு நாலு மணிக்கு வருவான். அவனுடைய கணினியை நான்தான் பழைய பாகங்களைக் கொண்டு பூட்டிக் கொடுத்தேன். ஒரு கிழமை எடுத்தது. நேரில் அவனை இரண்டு தடவைதான் கண்டிருக்கிறேன். எங்கள் கள்ளர்களில் அவன்தான் கெட்டிக்காரன். பலரும் அவன் கதைப்பதைக் கேட்கத்தான் வந்தார்கள், அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் அவனுக்குப் பயப்பட வராது. றவூப் துவக்கை நீட்டினால், "சேர், அதக் கொஞ்சம் இஞ்சால திருப்புங்க, வெயில் பட்டு மூஞ்சில அடிக்குது" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். றவூப்பும் சிரித்துவிடுவார். நான் மறியலை இருபது நிமிடம் ஆக்கினேன், பிறகு நாற்பது. அவன் மறியலுக்குள் இருந்து கதை சொல்லத் தொடங்கினான். நகரம் முழுதும் மறியல் வாசலில் வந்து நின்றது. அந்த நேரம் வீதிகளில் நான் ஒருவன்தான் கார் ஓட்டிக்கொண்டிருப்பேன்.

தை மாதம் அவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கதைத்தான்.

"அண்ணன், கோவிக்காதீங்க. சட்டம் கூடிப் போச்சி. விளையாடுற மாதிரி இல்ல, சோதனை எழுதுற மாதிரி இரிக்கு. நாங்க கொஞ்சப் பேர் சின்னதா வேற ஒண்டு துடங்குறம். றவூப் நானாவும் வாறாராம். நீங்களும் வாங்களன்."

"நான் வந்து என்ன செய்யிற?"

"சும்மா விளையாடுங்க அண்ணன். நடுவர் ஒருத்தரும் வேணாம். நீங்க பஸ் ஓட்டுங்க, நாங்க ஏறி வாறம்."

நடுவர் இல்லாத ஆட்டத்துக்கு நான் போவதில்லை என்றேன். அவன் வற்புறுத்தவில்லை. இதை உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை என்பதால் சொல்கிறேன். மற்றபடி இதற்கும் பிறகு நடந்ததற்கும் சம்பந்தம் கிடையாது. நான் யோசித்தது ஒன்றைத்தான். அவனுக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது. தெரியாததை ஒருவனால் நடிக்க முடியாது. சட்டத்தில் எழுதினால் வராது, ஒரு தடவை அனுபவப்பட வேண்டும்.

அடுத்த புதன்கிழமை அவன் வெளிநாட்டில் இருக்கும் இரண்டு பேரோடு அறைக்குள் இருந்து நகைக்கடைக் கொள்ளைக்குத் திட்டம் போட்டான். நான் கதைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். வழமைபோலப் பதிவும் செய்தேன். உங்களுக்கு அது மனப்பாடமாக இருக்கும். "ஏறாவூர்ச் சந்திக் கடை. துவக்கு ரெண்டு காணும். காவலாளி வயசாளி, கையத் தூக்குவான். தூக்காட்டிச் சுடு." என் சட்டப்படி ஒரு விளையாட்டுச் சொல்கூட அதில் இல்லை. நடுவராகச் சொல்கிறேன், எங்கள் ஆட்டத்தில் அதைவிடத் திறமாக ஒன்று நடக்கவில்லை. நகைக்கடை, காவலாளி, தப்பி ஓடும் வழி, எல்லாம் கண்முன்னே வந்தது. மொத்தம் பதினொரு நிமிடமும் நாற்பது செக்கனும்.

கடைசிப் பதினாலு செக்கனை வெட்டினேன். அதில் அவன் சொன்னது இது. "கரை, கரை. அம்மா கூப்பிடுறா. மீன் பொரிக்கிற வாசம் வருது, இனி எனக்கு ஒரு நகையும் வேணாம்." பிறகு மூன்று பேரும் சிரிப்பார்கள்.

மிச்சத்தைப் பெயர் போடாமல் அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்பினேன். அவனுடைய பெயரும் ஊரும் எழுதினேன். வீட்டில் ஒரு நீலக் கொப்பி இருக்கும், அதில் கடைகளின் வரைபடங்கள் இருக்கும் என்றும் எழுதினேன். பதினேழு வரைபடங்கள், எல்லாம் நான் வரையச் சொன்னவை. நான் எழுதியதில் ஒரு பொய்யும் இல்லை. இரண்டு மணித்தியாலம் வைத்திருந்து கேள்வி கேட்டு அனுப்புவார்கள், அடுத்த நாள் நாலு மணிக்கு றவூப் துவக்கை நீட்டும்போது அவன் குரல் ஒருமுறையாவது நடுங்கும் என்று எண்ணினேன். அதற்கு மேல் நான் அவனுக்கு ஒரு கெடுதலும் நினைக்கவில்லை.

பிடித்துக்கொண்டு போன நிஜப் பொலிஸாரிடம் விளையாட்டென்று அவன் சொல்லியிருக்கிறான். உதயரூபன் அண்ணனைக் கேளுங்கள் என்றும் சொல்லியிருக்கிறான். எனக்கு அழைப்பு வந்தது. அந்த நேரம் சேர்வரைத் திருத்த வேலைக்கென்று மூடியிருந்தேன், பார்க்கக் கேட்டவர்களுக்குக் காட்ட ஒன்றும் இருக்கவில்லை. "அப்படி ஒரு விளையாட்டு இருக்கிறது. ஆனால் இந்தப் பேச்சு அதற்குள் நடந்ததா வெளியே நடந்ததா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது" என்றேன். நடுவர் அப்படித்தான் சொல்ல வேண்டும். நான் அந்த அறைக்குள் இருந்தேனா என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவனைப் பதினாலு நாள் விளக்கமறியலில் வைத்தார்கள். பிறகு இன்னும் பதினாலு. அதன் பிறகு நான் எண்ணவில்லை.

றவூப் கடையில் லீவு போட்டுவிட்டு, நேரில் ஒரு நாளும் காணாத ஒருவனுக்காகப் போய்ச் சாட்சி சொன்னார். எழுதி எடுத்திருக்கிறார்கள். ஆனால் அவர் பொலிஸ் பக்கத்து ஆள், கள்ளர்களின் அறைக்குள் இருக்கவில்லை. அந்த இரண்டு வெளிநாட்டுக்காரர்களும் இலக்கத்தை மாற்றிவிட்டார்கள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குழுவை விட்டுப் போனார்கள். துவக்கு, கொள்ளை என்று கதைத்த குரல் எல்லோருக்கும் இருந்தது, எங்கள் பக்கத்தில் அதற்கு எவ்வளவு பயம் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு கிழமையில் வாவி நகரில் நான் மட்டும்தான். நாலு மணிக்குத் திறப்பேன், பஸ்ஸை எடுத்துக்கொண்டு கல்லடி வரை போய்த் திரும்பி வருவேன்.

றவூப் இங்கே வந்தார். அதே கதிரையில்தான் இருந்தார்.

"அண்ணன், நீங்க எல்லாத்தையும் பதிஞ்சி வெக்கிற ஆள். அண்டைக்குள்ளத முழுசாத் தாங்க. கடைசில அவன் கரை எண்டு சொல்லியிருப்பான். சொல்லாமப் போகமாட்டான்."

"டிஸ்க் பழுதாப் போச்சி றவூப்."

அவர் எழும்பிவிட்டார். ஊற்றி வைத்த தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. என் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்காமல் போனது எனக்கு மனவருத்தமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் டிலக்சனுடைய அம்மா வரத் தொடங்கினார். கண்ணகை அம்மா. பனிச்சங்கேணியில் இருந்து இரண்டு பஸ் மாறி, மூன்று மணித்தியாலத்துக்கு மேல். முதல் செவ்வாய் அழுதுகொண்டே வந்தார். கையில் ஒரு பையில் இறால். "என்ட புள்ள உங்களத்தான் மனே சொல்லுறான். அண்ணன்ட பெட்டிக்குள்ள என்ட குரல் இரிக்கும், அதக் கேட்டா விட்டிருவாங்க எண்டு சொல்லுறான்." டிஸ்க் பழுது, திருத்திக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் நாளெடுக்கும் என்றேன். அவர் என் குசினிக்குள் போய்ப் பார்த்துவிட்டு, அந்த இறாலைக் காய்ச்சித் தந்தார்.

அடுத்த செவ்வாயும் வந்தார். "பெட்டி திருந்திச்சா மனே?" "பாத்துக்கொண்டிரிக்கன் அம்மா." சோறு வைத்தார், முற்றம் கூட்டினார். நான் சாப்பிடும்வரை எதிரில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க தின்டா அவன் தின்ட மாதிரி இரிக்கு மனே" என்றார். ஆறு வருடத்துக்குப் பிறகு இந்த வீட்டில் ஒருவர் எனக்கு எதிரில் இருந்து நான் சாப்பிடுவதைப் பார்த்தார் மிஸ். உங்களுக்கு அது சின்ன விசயமாக இருக்கும். அவருக்குத் தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி வேண்டும், அந்தக் கணக்கில்தான் உங்களுக்கும் ஊற்றிவிட்டேன் போல.

டிஸ்க் திருந்திவிட்டது என்று சொல்லியிருந்தால் அவர் அந்தச் செவ்வாயோடு வராமல் விட்டிருப்பார். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். இருபது செவ்வாய் வந்தார்.

போன கிழமை ஒரு விசயம் சொன்னார். உள்ளே இருப்பவர்களுக்குள் ஏதோ சண்டையாம், நடுவில் போன டிலக்சனுக்கு அடி விழுந்ததில் இடது காது கேட்பதில்லையாம். அவன் இப்போது சிரிப்பதுமில்லையாம், இரும்புக் கதவு சத்தம் கேட்டால் உடம்பு நடுங்குகிறதாம். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் கவலைதான். ஆனால் ஹெட்செட்டுக்கு ஒரு காது போதும். அந்த நடுக்கத்தோடு அவன் துவக்குக்கு முன்னால் நின்றால் எப்படி இருக்கும் என்று றவூப் ஒருமுறை பார்க்க வேண்டும்.

டிஸ்க் ஒருநாளும் பழுதாகவில்லை. முழுப் பதிவும் இந்தப் பென்டிரைவில் இருக்கிறது. வெட்டிய பதினாலு செக்கனும் இருக்கிறது. நான் தினமும் நாலு மணிக்கு அந்தத் துண்டை மட்டும் போட்டுக் கேட்பேன். அவன் கரை என்பான், மூன்று பேரும் சிரிப்பார்கள். நாலாவதாகச் சிரிப்பது நான். பதிவில் அது விழவில்லை, அப்போது என் மைக் மூடியிருந்தது.

எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கே நீதிமன்றத்தில் கொடுங்கள், அவனை விட்டுவிடுவார்கள். நான்தான் அனுப்பினேன், நான்தான் வெட்டினேன், கொடுத்தால் அவனை விட்டுவிடுவார்கள் என்று தெரிந்துகொண்டே ஐந்து மாதம் நான்தான் வைத்திருந்தேன். எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று காட்டுங்கள்.

வெளியே வந்ததும் அவனிடம் சொல்லுங்கள், வாவி நகர் திறந்துதான் இருக்கிறது, அவனுடைய வேடத்தை நான் அழிக்கவில்லை. மறியலையும் திரும்பப் பத்து நிமிடம் ஆக்கிவிட்டேன். ஊரில் இப்போது அவனோடு எவரும் கதைப்பதில்லை என்று அவனுடைய அம்மா சொல்கிறார். நான் கதைப்பேன். அம்மாவும் வழமைபோலச் செவ்வாய்க்கிழமை வரலாம், பெட்டி திருந்திவிட்டது என்பதற்காக வராமல் விட வேண்டியதில்லை. றவூப்பையும் உள்ளே கூப்பிடுங்கள், இனி அவருக்கு என்ன கோபம்?

நீங்கள் ஏன் பேனையை வைத்துவிட்டு என்னை அப்படிப் பார்க்கிறீர்கள் மிஸ்? சொல்ல வேண்டியது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்தச் சொல் ஒன்றுதான் மிச்சம், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கரை.